விமானத்துக்குக் கைப்பிடி போட்டவர்

தங்கப்பாண்டி செய்த விமானம் கிளம்பவில்லை என்று ஐந்தாறு நாடுகளிலிருந்து புகார் வந்துகொண்டிருந்தது.

இது 2005ஆம் வருடக் கோடையில். கோவில்பட்டி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் அவருடைய பிரௌசிங் சென்டர் இருந்தது. எட்டு கணினிகள், நான்கு மின்விசிறிகள். மின்விசிறிகளில் இரண்டு சுற்றும். காலையில் கடையைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை அந்தப் புகார்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது. இரண்டாவது வேலை, ஒன்றுக்கும் பதில் எழுதாமல் கணினியை மூடுவது.

அவர் செய்தது வானத்தில் பறக்கும் விமானம் இல்லை. கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகுவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. ஃப்ளைட் சிமுலேட்டர் என்பார்கள். அதற்குள் ஓட்டுவதற்குப் புதுப்புது விமானங்களை நாமே செய்து சேர்க்கலாம். உடம்பையும் இறக்கையையும் வரைய வேண்டும். எவ்வளவு வேகத்தில் தரையை விட்டு எழும்பும், என்ஜின் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டு எழுத வேண்டும். உலகத்தில் சில ஆயிரம் பேர் இதை ஒரு பைத்தியமாகவே செய்து, இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகப் போட்டு வைக்கிறார்கள். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, ஆங்கிலத்தை அகராதியை வைத்துக்கொண்டு கற்ற தங்கப்பாண்டி அவர்களில் ஒருவர்.

புகாருக்குக் காரணம் எளிது. அந்த மென்பொருளில் எந்த விமானமாக இருந்தாலும் ‘கண்ட்ரோல்’ பொத்தானையும் ‘ஈ’ பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் போதும், என்ஜின் தானாகக் கிளம்பிவிடும். பெட்ரோல் திறந்ததா, பொறி வந்ததா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தங்கப்பாண்டி தன் விமானத்தில் இந்த வழியை அடைத்து வைத்திருந்தார். அவருடைய என்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மவுஸைப் பிடித்து வட்டம் வட்டமாகச் சுற்றினால் திரையில் அந்தக் கைப்பிடி சுற்றும். உள்ளே ஒரு கனத்த சக்கரம் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். வேகம் பிடித்ததும், சுற்றுவதை நிறுத்தாமலே, இன்னொரு கையால் விசைப்பலகையில் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் வேகம் என்ஜினுக்குப் போய் அது கிளம்பும். நிறுத்தினால் சக்கரம் ஓய்ந்துவிடும். முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

“பத்து நிமிடமாகச் சுற்றுகிறேன், மணிக்கட்டு வலிக்கிறது” என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதியிருந்தார்.

“வலிக்கட்டும்” என்றார் தங்கப்பாண்டி.

இரக்கமில்லாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். மணிக்கட்டு வலியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய வலது மணிக்கட்டு திரும்பாது. வணக்கம் சொன்னால் ஒரு கை நேராகவும் இன்னொரு கை சாய்ந்தும் நிற்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய ஊர்ப் பக்கத்துக் கிணறுகளில் முக்கால்வாசி ஆயில் என்ஜினில்தான் இறைத்தன. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக்கிடந்த கிணறுகள் அவை. கிளப்ப வேண்டியது கையால். ஒருவர் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார். இன்னொருவர் என்ஜினின் தலையில் இருக்கும் சிறிய லீவரைத் தூக்கிப் பிடித்திருப்பார். லீவர் மேலே இருக்கும்வரை உள்ளே காற்று அடைபடாது. சக்கரம் லேசாகச் சுற்றும். நல்ல வேகம் வந்ததும் லீவரை விட்டால் காற்று அடைபட்டுச் சூடேறி டீசல் பற்றிக்கொள்ளும். வேகம் வருவதற்கு முன் விட்டால் என்ஜின் பின்பக்கமாக உதைக்கும். கைப்பிடி, பிடித்த கையோடு திரும்பி வரும்.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். லீவரைப் பிடித்தவன் ‘தூக்கிட்டேன்’ என்பான். கைப்பிடிக்காரன் ‘சுத்துதேன்’ என்பான். அதற்குப் பிறகு கைப்பிடிக்காரன் ‘விடு’ என்று சொல்லும்வரை லீவர்காரன் கை அசையக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள்கூடக் கிணற்றடியில் இந்த மூன்று சொற்களை மட்டும் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

1993இல் ஒரு நாள், பூவனநாதன் என்ற, நிலபுலமுள்ள பெரிய சம்சாரியின் மிளகாய்த் தோட்டத்தில் தங்கப்பாண்டி கைப்பிடி சுற்றினார். அப்போது வயது இருபத்தொன்று. லீவரைப் பிடித்திருந்தது பூவனநாதனின் மகன் பாலகணேஷ். மதுரைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஊரில் அன்றைக்கு ஏதோ கிரிக்கெட் ஆட்டம், நினைப்பெல்லாம் அதில். தங்கப்பாண்டி ‘சுத்துதேன்’ என்று சொல்லி நாலு சுற்றுக்கூட முடியவில்லை. பாலகணேஷ் லீவரை விட்டுவிட்டான்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். எலும்பு கோணலாகக் கூடியது.

என்ஜினுக்குள் தேய்ந்துபோன பிஸ்டன் வளையங்களை மாற்ற வேண்டும் என்று தங்கப்பாண்டி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூவனநாதன் அதற்குப் பதிலாக என்ஜினில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். கை ஒடிந்த பிறகு அவர் ஊருக்குச் சொன்ன காரணம் இது: “அவன் கை ராசியில்லாத கை. அவன் தொட்டாலே என்ஜின் மொரண்டு பிடிக்கும்.”

இந்த நாட்டில் ராசி என்ற சொல்லைப் போல முதலாளிக்கு உதவிய சொல் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. வளையம் மாற்றாதவன் தப்பித்தான். சொல்லுக்குக் காத்திருக்காமல் லீவரை விட்டவன் தப்பித்தான். கை ஒடிந்தவன் மட்டும் குற்றவாளியானான். இரும்புக்கு யாருடைய ராசியும் தெரியாது; அது வேகத்தையும் சூட்டையும் மட்டும் அறியும். ஆனால் ஊருக்கு ராசி தெரியும். அடுத்த ஆறு மாதத்தில் ஒருவரும் தங்கப்பாண்டியை என்ஜின் வேலைக்குக் கூப்பிடவில்லை. சான்றிதழை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் கோவில்பட்டிக்கு வந்தார்.

ஜெராக்ஸ் கடை, பிறகு கணினிப் பயிற்சி நிலையத்தில் எடுபிடி, பிறகு அங்கேயே ஆசிரியர், பிறகு சொந்தமாக பிரௌசிங் சென்டர். பத்து வருடம். என்ஜினைத் தொடவே இல்லை. 2003இல் இணையத்தில் எதையோ தேடப்போய் ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. இரண்டடுக்கு இறக்கை வைத்த, முன்காலத்துப் பயிற்சி விமானம். அதன் என்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒருவன் கைப்பிடியைச் செருகி, குனிந்து நின்று சுற்றுகிறான். கிணற்றடியில் நிற்கிற மாதிரியே நிற்கிறான்.

அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். பதினான்கு மாதம் உட்கார்ந்து அந்த விமானத்தைச் செய்தார். என்ஜின் கிளப்புவது ஒரு படிப்பு, அதை ஒரு பொத்தானில் அடக்கினால் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும் என்பது அவர் கட்சி. அவருடைய படிப்பை ஒருவன் ‘ராசி’ என்ற ஒரே சொல்லில் இல்லை என்று ஆக்கியிருந்தான். உலகமே சுற்றிப் பார்க்கட்டும் என்று நினைத்ததில் என்ன தவறு?

அந்தக் கோடையில்தான் வேலுத்தாய் தமிழ்த் தட்டச்சு வேலைக்கு வந்து சேர்ந்தார். புதூர்ப் பக்கம் ஊர். இருபத்தாறு வயது. வலது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும். இடது கை ஐந்து விரலால், இரண்டு கைக்காரர்கள் வாயைப் பிளக்கிற வேகத்தில் மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடிப்பார்.

அந்தக் கை போனது பதினோரு வயதில். அந்தக் காலத்தில் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு பஸ் வரும். வாசலுக்கே வண்டி வருகிறதே, எவ்வளவு வசதி என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு பட்டாசுக் கொட்டகையில் மருந்து வெடித்த அன்று, விசாரிக்க வந்த அதிகாரியிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டினார்கள். வேலுத்தாய் என்ற பெயர் அதில் இல்லை. “யாருக்கோ சோறு கொண்டாந்த பிள்ளை” என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் வேறு காரணம் சொன்னார்கள்: போன பிறவியில் செய்த வினை. பதினோரு வயதுப் பெண்ணின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதில் விழவே இதைச் சொன்னார்கள்.

பிறகு தட்டச்சுப் பயிற்சிக்குப் போனபோது, பாடம் இரண்டு கைக்குத்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலுத்தாய் வீட்டில் ஓர் அட்டையில் எழுத்துக்களை எழுதிவைத்து ஒரு கையால் பழகினார்.

வேலைக்கு வந்த பத்தாம் நாள், கூட்டமில்லாத மத்தியானம், அவர் கேட்டார்.

“அண்ணாச்சி, அந்த விமானத்த நான் ஒரு தடவ பாக்கட்டுமா?”

“பாரேன். ஆறாம் நம்பர்ல இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தார். வேலுத்தாய் இடது கையால் மவுஸைச் சுற்றிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து விசைப்பலகையில் முகத்தை வைத்திருந்தார்.

“என்னம்மா பண்ணுத?”

“நாடியால அமுக்குதேன்.”

“நாடிய அங்கன வச்சா திரைய எப்படிப் பாப்ப?”

“பாக்க முடியல. சத்தத்த வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு பாத்தேன்.” நிமிர்ந்தார். மோவாயில் மூன்று பொத்தான்களின் அச்சு பதிந்திருந்தது. “மூணு எழுத்து சேந்து அமுங்குது அண்ணாச்சி. பிரேக்கும் சேந்து விழுது.”

“வேற விமானம் நூறு கெடக்கு. கண்ட்ரோல் ஈ போட்டா கிளம்பிரும். அத ஓட்டு.”

“ஓட்டிப் பாத்துட்டேன். நீங்க சாப்பிடப் போகும்போதெல்லாம் அதான் வேல.”

“பொறவு என்ன?”

“அது தானா கிளம்புது அண்ணாச்சி. நான் கிளப்பல. எங்க வீட்ல மொபெட்டு இருக்கு, தம்பிதான் உதைச்சுக் கிளப்பணும். மோட்டார்த் தண்ணி, மாவு மில்லு, எதுன்னாலும் ‘நீ தள்ளிக்கோ’ம்பாவ. பொறந்ததுல இருந்து ஒரு என்ஜினக்கூட நானாக் கிளப்புனதில்ல. ஒங்க விமானத்துலதான் கிளப்புத வேல இருக்கு. அதுல ஒத்தக் கைக்கு ஒரு வழி வைங்களேன்.”

“அது முடியாதும்மா. நிசத்துல அப்படித்தான், ரெண்டு கை வேணும். நான் பொய்யாச் செய்ய மாட்டேன்.”

“ரெண்டு கை இல்லாதவ தொடக் கூடாது. அப்படித்தான?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“தட்டச்சு கிளாசுலயும் அவிய அப்படிச் சொல்லல அண்ணாச்சி. பாடம் அப்படின்னுதான் சொன்னாவ.”

அடுத்த நாளிலிருந்து வேலுத்தாய் மத்தியானத்தில் ஆறாம் நம்பர் கணினிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். தங்கப்பாண்டி மட்டும், சாப்பிடப் போகும்போது வேண்டுமென்றே அதைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது வைத்தது வைத்தபடி இருக்கும்.

நிசத்தில் அப்படித்தான் என்று அவர் சொன்னது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வெளிநாட்டு மெக்கானிக் எழுதியிருந்தார். ஆங்கிலம் நீளமாக இருந்ததால் தங்கப்பாண்டி வேலுத்தாயைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள்.

மரியாதையான கடிதம். விமானம் அழகாக இருக்கிறது, கைப்பிடி சுற்றும்போது வரும் சக்கரச் சத்தம் அப்படியே இருக்கிறது என்று பாராட்டியிருந்தார். ஒரே ஒரு சந்தேகம். கிளப்பும்போது எரிபொருள் விசையை முழுக்கத் திறந்து வைத்தால்தான் என்ஜின் பிடிக்கும் என்று செய்திருக்கிறீர்கள். பெட்ரோல் என்ஜினில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். கொஞ்சமாகத்தான் திறப்பார்கள். முழுக்கத் திறந்தால் பிடித்த நொடியே விமானம் பாய்ந்து, முன்னால் நிற்கிறவன் மேல் ஏறிவிடும். நீங்கள் டீசல் என்ஜினில் பழகியவரா?

வேலுத்தாய் அகராதியை மூடினார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார்.

“பம்புசெட்டுக்கு இறக்கை கட்டி விட்டிருக்கீங்க அண்ணாச்சி.”

தங்கப்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. கிணற்றடியில் முழுக்கத் திறந்து வைத்துத்தான் கிளப்ப வேண்டும். அந்தக் கரிசல் காட்டில் ஆயில் என்ஜினைத் தவிர வேறெதையும் கிளப்பாதவர், எல்லா என்ஜினுக்கும் அதுதான் முறை என்று எழுதிவிட்டார். பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

“நிசம் நிசம்னு நாந்தான் கெடந்து குதிச்சேன்” என்றார்.

“அத ஒரு வரியில திருத்திரலாம்.”

“திருத்திரலாம்.”

வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற படம்தான்.

“ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“இந்தப் படத்துல ரெண்டு பேரு இருக்காவ. சுத்துதவரு ஒருத்தரு. உள்ள உக்காந்திருக்கவரு ஒருத்தரு. ஒங்க விமானத்துல உள்ள உக்காந்திருக்கவந்தான் இருக்கான். அவனே வெளியவும் சுத்துதான், அவனே உள்ளயும் அமுக்குதான். அது எப்படி? அவனுக்குக் கை என்ன எட்டடி நீளமா?”

தங்கப்பாண்டி படத்தைப் பார்த்தார்.

“சுத்துதவர எங்க அண்ணாச்சி விட்டீங்க?”

கீழே செருப்புக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து அந்த ஆள் படியிறங்கிப் போகிறவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருடமாக அவர் அந்தக் கைப்பிடியைத்தான் பார்த்திருந்தார். அதைப் பிடித்திருந்த ஆளைத் தன்னைப் போல நிற்கிறான் என்று கண்டுகொண்டவரும் அவர்தான். அப்படியிருந்தும் செய்யும்போது விமானியின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறார். பூவனநாதனின் தோட்டத்தில் நின்ற ஆளை, அந்த ஆளே விட்டுவிட்டார்.

இது தங்கப்பாண்டியின் தவறு மட்டும்தானா? விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, தீக்குச்சி உரசியதும் பற்றுகிறது. அதற்குப் பின்னால் ஒரு கை இருந்தது என்று நினைத்துப் பார்க்காமல் வாழ நம் எல்லாருக்கும் பழகிவிட்டது. பதிவேட்டிலேயே பெயர் இல்லாத கையை யார் நினைக்கப் போகிறார்கள்?

அன்று மாலையே அவர் வேலையைத் தொடங்கினார். இரண்டரை மாதம் ஆயிற்று. சுற்றுகிற ஆளை வரைந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சுற்றிய துண்டு. விமானி ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த ஆள் நடந்து வருவான். அடுத்த பொத்தானுக்கு பெட்ரோலைத் திறந்து விட்டதாகச் சொல்வான். அதற்கடுத்ததற்குச் சுற்றத் தொடங்குவான். பொத்தான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக, அவரவர் நிதானத்தில், ஒரு விரலால் அமுக்கக்கூடியவை. விமானி அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் காத்திருக்க வேண்டும். சுற்றுகிறவன் கைப்பிடியை வெளியே எடுத்துவிட்டு, ‘விடு’ என்று சொன்ன பிறகுதான் கடைசிப் பொத்தானை அமுக்கலாம். முன்னால் அமுக்கினால் என்ஜின் பிடிக்காது. அவன் திரும்ப வந்து முதலிலிருந்து சுற்றுவான்.

“குரல் யாரு அண்ணாச்சி?” என்று கேட்டார் வேலுத்தாய்.

“யாராவது இங்கிலீசு தெரிஞ்சவனப் பாக்கணும்.”

“எதுக்கு இங்கிலீசு? சுத்துதவரு ஒங்க ஊர்க்காரருதான?”

அப்படித்தான் தங்கப்பாண்டியின் குரலே அதில் ஏறியது. வாடிக்கையாளர்கள் இணையத்தில் பேசுவதற்கு வைத்திருந்த ஒலிவாங்கியில், கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவு செய்தார்கள். ‘சுத்துதேன்’ என்பதற்குப் பின்னால் திருநெல்வேலி பஸ்ஸின் ஹாரன் ஒன்றும் சேர்ந்து பதிந்துவிட்டது. வேலுத்தாய் அதை எடுக்க விடவில்லை.

‘விடு’ என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு மத்தியானமே ஆனது.

“இன்னும் சத்தமா” என்றார் வேலுத்தாய்.

“விடு.”

“கெஞ்சுத மாதிரி இருக்கு. கை ஒங்க கைதான அண்ணாச்சி? அதிகாரமாச் சொல்லுங்க.”

ஏழாவது தடவை சரியாக வந்தது.

கண்ட்ரோல் ஈ-யையும் திறந்துவிட்டார். இதில் வேலுத்தாய்க்கே ஆச்சரியம்.

“தோத்துட்டீங்களா?”

“அமுக்கிப் பாரு.”

அமுக்கினார். என்ஜின் கிளம்பவில்லை. துண்டு கட்டிய ஆள் நடந்து வந்தான். பெட்ரோலைத் திறந்தான், கைப்பிடியைச் செருகினான், குனிந்தான், சுற்றினான். எல்லாவற்றையும் அவனே செய்தான். விமானிக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அது முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அவன் வேகப்படவில்லை.

“வசதி வேணுங்கறவனுக்கு வசதி” என்றார் தங்கப்பாண்டி. “ஆனா அவன் சுத்தி முடிக்குத வர இவன் உக்காந்து பாக்கணும். அந்த ஜெர்மன்காரருக்கு இனி மணிக்கட்டு வலிக்காது.”

“கண்ணுதான் வலிக்கும்.”

“வலிக்கட்டும்.”

இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலுத்தாய் ஆறாம் நம்பர் கணினியில் உட்கார்ந்தார். தங்கப்பாண்டி பின்னால் நின்றார். ஐந்தாம் நம்பரில் தேர்வு முடிவு பார்க்க வந்த ஓர் அம்மாள் இருந்தார்.

திரையில் விமானம் நின்றது. சுற்றிலும் தட்டையான பழுப்பு நிலம். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் இந்தப் பக்கத்தை வெறுங்காடாக வரைந்து வைத்திருந்தார்கள். மழை காணாத ஆடி மாதத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

முதல் பொத்தான். ஆள் நடந்து வந்தான். இரண்டாவது பொத்தான். மூன்றாவது.

‘சுத்துதேன்’ என்றது தங்கப்பாண்டியின் குரல். சக்கரத்தின் முனகல் எழும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. வேலுத்தாயின் விரல் கடைசிப் பொத்தானுக்கு மேலே நின்றது. சத்தம் கூடக்கூட அந்த விரல் இன்னும் தாழ்ந்தது. சொல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அமுக்கிவிட்டார்.

சத்தம் சட்டென்று செத்தது.

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தார். தங்கப்பாண்டி இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

“ஆசைல அமுக்கிட்டேன் அண்ணாச்சி.”

“இருக்கட்டும். அவன் மறுபடி சுத்துவான். இங்கன யாருக்கும் கை ஒடியாது.”

வேலுத்தாய் மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை மூன்றாவது பொத்தானை அமுக்கியதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ‘சுத்துதேன்.’ முனகல் எழுந்தது. திருநெல்வேலி பஸ் ஹாரன் அடித்துப் போனது. முனகல் உயர்ந்து, இரைச்சலாகி, ஒரே சீராக நின்றது. துண்டு கட்டிய ஆள் கைப்பிடியை உருவிக்கொண்டு ஓரமாக விலகினான். வேலுத்தாயின் கை மடியிலேயே இருந்தது.

‘விடு.’

கை எழுந்தது, அமுக்கியது.

என்ஜின் ஒரு தடவை இருமியது. நீலப் புகை வந்தது. இரண்டாவது தடவை இருமி, பிடித்துக்கொண்டது. முன்னால் இருந்த விசிறி கண்ணுக்குத் தெரியாமல் ஆயிற்று. மேசையில் இருந்த ஒலிபெருக்கி அதிர்ந்ததில் பேனா உருண்டு கீழே விழுந்தது. ஐந்தாம் நம்பர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“என்ன தாயி சத்தம் அது?”

“என்ஜின் கிளப்பியிருக்கேன்” என்றார் வேலுத்தாய்.

தங்கப்பாண்டி குனிந்து பேனாவை எடுத்தார். எடுத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “சரி, பறந்து பாரு. நேராப் போனா எப்போதும்வென்றான் வரும். வயக்காடெல்லாம் இருக்காது, சும்மா பழுப்பாத்தான் தெரியும்.”

வேலுத்தாய் பறக்கவில்லை. கையை நீட்டி என்ஜினை அணைத்தார். விசிறி மெதுவாக ஓய்ந்து நின்றது.

“என்னாச்சு?”

“இருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு முதல் பொத்தானை அமுக்கினார். துண்டு கட்டிய ஆள் மறுபடி நடந்து வரத் தொடங்கினான். “பறக்கது எங்க போயிரப் போகுது. இன்னொரு தடவ கிளப்பிக்கிடுதேன்.”